ஜிபிஏ 1.79 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு முடித்திருக்கிறேன். எஃப்-1 மாணவர் விசா. முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் (பாடங்களின் எடை), ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 2.2. இரண்டாவதில் 14 கிரெடிட்: கால்குலஸில் (4 கிரெடிட்) எஃப், வேதியியலில் (4) டி, ப்ரோகிராமிங்கில் (3) சி, ஆங்கிலத்தில் (3) பி. மொத்த ஜிபிஏ 1.79. போன வாரம் ‘அகாடமிக் ப்ரொபேஷன்’ என்று மின்னஞ்சல் வந்தது. அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யப் போனால் ‘ஹோல்டு’ என்று நிற்கிறது. அடுத்த வாரம் அட்வைசரைப் பார்க்க வேண்டும்.

சுலபமான பாடமாகப் பார்த்து 18 கிரெடிட் எடு, ஜிபிஏ ஏறிவிடும் என்கிறான் நண்பன். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸை முடித்துவிடு என்கிறாள் அறைத்தோழி. விசா ரத்தாகுமா? மேல்முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டுமா? வீட்டுக்குத் தகவல் போகுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் விசா. ப்ரொபேஷன் என்பது ஜிபிஏ 2.0-க்குக் கீழே போனதால் வந்த எச்சரிக்கை நிலை, அதனால் விசா போகாது. எஃப்-1 விதி முக்கியமாகக் கேட்பது செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்கிறீர்களா என்பதைத்தான். அந்தப் பன்னிரண்டில் ஆன்லைன் பாடமாக ஒன்றுக்கு மேல், அதாவது 3 கிரெடிட்டுக்கு மேல், கணக்கில் வராது. ப்ரொபேஷனுக்கு அடுத்த படியான சஸ்பென்ஷன் வந்தால்தான் சிக்கல். வகுப்பில் சேர முடியாது, சேராவிட்டால் ஐ-20, அதாவது உங்கள் மாணவர் நிலைக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம், நிற்காது. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளப் போதிய இடம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது.

ஜிபிஏ என்ற தசமத்தை மறந்துவிட்டுப் புள்ளிகளாகப் பாருங்கள். ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0. ஒவ்வொன்றையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் 33 புள்ளிகள். இரண்டாவதில் 0+4+6+9, ஆக 19. மொத்தம் 29 கிரெடிட்டுக்கு 52. ‘குட் ஸ்டாண்டிங்’ என்பதற்கான 2.0 வர 58 வேண்டும். உங்கள் பற்றாக்குறை 6 புள்ளிகள். மின்னஞ்சலின் தொனி எப்படியிருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்.

இந்த ஆறை அடைக்கும் வழி உங்கள் பல்கலைக்கழகத்தின் ரிப்பீட் விதியை, அதாவது ஒரு பாடத்தை மறுபடி எடுத்தால் கிரேடை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு வகை உண்டு. பழைய கிரேடை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் கொள்வது ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சராசரி போடுவது இன்னொன்று. முதல் வகையில் கால்குலஸை மறுபடி எடுத்து வெறும் சி வாங்கினாலே 29 கிரெடிட்டுக்கு 60 புள்ளிகள், 2.07. ஒரே பாடத்தில் வெளியே வந்துவிடலாம். இரண்டாம் வகையில் அதே சி-க்கு 33 கிரெடிட்டுக்கு 60 புள்ளிகள், 1.82. தேவை 66, பற்றாக்குறை அதே 6. சராசரி போடும் இடத்தில் சி என்பது பள்ளத்தை ஆழப்படுத்தவும் செய்யாது, தூர்க்கவும் செய்யாது. ஏ வாங்கினால்தான் அந்த ஒரு பாடத்தால் 2.0-ஐத் தாண்ட முடியும்.

ஆகவே அட்வைசரிடம் போவதற்கு முன்பே கேட்டலாகில் (பல்கலைக்கழகத்தின் பாட, விதித் தொகுப்பு) ரிப்பீட் விதியைத் தேடிப் படியுங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக் முக்கியம். பல இடங்களில் அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை பாடங்களுக்கு மாற்றுச் சலுகை, எந்தக் கிரேடுக்குக் கீழே என்றால் அனுமதி, அதே பாட எண்ணாக இருக்க வேண்டுமா, தனியாகப் படிவம் கொடுக்க வேண்டுமா. கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாடத்தை மறுபடி எடுத்து நல்ல கிரேடும் வாங்கியிருப்பார்கள். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் படிவம் போகாததால் சிஸ்டம் இரண்டையும் கூட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, பழைய எஃப் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பெரும்பாலும் அப்படியே தெரியும். கணக்கிலிருந்துதான் விலகும்.

அறைத்தோழியின் யோசனை இங்கேதான் உதைக்கிறது. வெளிக் கல்லூரியிலிருந்து பொதுவாக கிரெடிட்தான் வரும், கிரேடு வராது. அங்கே ஏ வாங்கினாலும் உங்கள் 1.79 அசையாது. அதைவிட மோசம், பாடம் முடிந்ததாகப் பதிவாகிவிட்டால் இங்கே அதை மறுபடி எடுத்து எஃப்-ஐ நீக்கும் வாய்ப்பும் சில இடங்களில் போய்விடும். கோடையில் எடுப்பதென்றால் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே எடுங்கள். ஐந்தாறு வாரத்தில் முழு செமஸ்டர் கால்குலஸை நெருக்கி நடத்துவார்கள் என்பதால் அதோடு வேறு பாடம் வேண்டாம். கோடை முடிந்ததும் ஸ்டாண்டிங்கை மறுபடி கணக்கிடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கிட்டால், இலையுதிர் செமஸ்டர் தொடங்கும்போதே நீங்கள் ப்ரொபேஷனில் இருக்க மாட்டீர்கள்.

நண்பனின் 18 கிரெடிட் கணக்கு, காகிதத்தில் தப்பில்லை. புதிய பாடங்கள் 12 கிரெடிட் எடுத்தால் பற்றாக்குறையை அடைக்க 2.5 சராசரி வேண்டும். 18 எடுத்தால் 2.33 போதும். ஆனால் 14 கிரெடிட்டில் 1.36 வாங்கிய செமஸ்டருக்கு அடுத்ததாக 18-ல் 2.33 வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதோடு ப்ரொபேஷனில் இருப்பவர்களுக்கு 12 முதல் 14 கிரெடிட் வரைதான் என்று பல பல்கலைக்கழகங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்தாலும் பயனில்லை. அதில் வரும் ‘பாஸ்’ ஜிபிஏவில் சேராது. பெரும்பாலும் ப்ரொபேஷனில் அதற்கு அனுமதியும் கிடையாது.

நான் உங்கள் இடத்தில் இருப்பவருக்குச் சொல்வது 13 கிரெடிட்: கால்குலஸ், கூடவே 3 கிரெடிட் பாடங்கள் மூன்று. கால்குலஸை முன்தேவையாகக் கேட்கும் இயற்பியல் அதில் கூடாது. எல்லாவற்றிலும் சி என்றே வைத்துக்கொள்வோம். மாற்றும் விதியுள்ள இடத்தில் 38 கிரெடிட்டுக்கு 78 புள்ளிகள், 2.05. சராசரி போடும் இடத்தில் 42-க்கு 78, 1.86 தான். ஆனாலும் அந்த செமஸ்டரின் ஜிபிஏ 2.0 வந்துவிட்டதால், பல பல்கலைக்கழகங்கள் சஸ்பெண்ட் செய்யாமல் ப்ரொபேஷனைத் தொடரவிடும். சில இடங்களில் இந்த எல்லை 2.0-க்கு மேல் இருக்கும். உங்களுக்கு வந்த மின்னஞ்சலிலேயே அந்த எண் இருக்கும், இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள்.

வேதியியல் டி-யை இப்போது தொடாதீர்கள். டி-க்குக் கிரெடிட் கிடைத்துவிட்டது. உங்கள் துறை அடுத்த பாடத்துக்கு சி கேட்டால் மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். தேர்ச்சி பெற்ற பாடத்தைக் கிரேடுக்காக மட்டும் திரும்ப எடுத்தால், அது உங்கள் 12 கிரெடிட்டில் சேருமா என்று டிஎஸ்ஓவிடம், அதாவது சர்வதேச மாணவர் அலுவலக அதிகாரியிடம், கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

இனி எஃப்-1 மாணவர்கள் வழக்கமாக விழும் குழி. செமஸ்டர் நடுவில் ஒரு பாடம் கைவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் 20 சதவீதம், இரண்டு மிட்டெர்ம் தலா 20, இறுதித் தேர்வு 40. வீட்டுப்பாடத்தில் 85, மிட்டெர்ம்களில் 45, 60 என்றால் கையில் இருப்பது 17+9+12, ஆக 38. சி-க்கு 70 வேண்டுமென்றால் இறுதித் தேர்வில் 40-க்கு 32, அதாவது 80 சதவீதம் எடுக்க வேண்டும். 45-ம் 60-ம் எடுத்த பாடத்தில் 80 வருமா? உள்ளூர் மாணவர் என்றால் கடைசித் தேதிக்குள் வித்ட்ரா செய்துகொள் என்பேன். டிரான்ஸ்கிரிப்டில் ‘டபிள்யூ’ விழும், ஜிபிஏவுக்குச் சேதமில்லை. உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. 13-லிருந்து 3 கழிந்தால் 10. அனுமதியில்லாமல் 12-க்குக் கீழே இறங்குவது விசா நிலையை முறிக்கும், எஃப் வாங்குவது முறிக்காது. விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதில் நியாயம் தேடிப் பயனில்லை.

அனுமதி கேட்க வழி உண்டு, ஆனால் குறுகலானது. படிப்புச் சிரமத்துக்காகக் குறைந்த கிரெடிட் எடுக்கும் அனுமதி ஒரு பட்டத்துக்கு ஒரே முறைதான். அப்போதும் 6 கிரெடிட்டாவது படிக்க வேண்டும், அடுத்த செமஸ்டரே முழு அளவுக்குத் திரும்ப வேண்டும். ஏற்கும் காரணங்களும் குறிப்பிட்டவை: தொடக்கத்தில் ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாதது, தகுதிக்குப் பொருந்தாத நிலைப் பாடத்தில் போடப்பட்டது. ஃபெயிலாகிவிடுவேன் என்ற பயம் பட்டியலில் இல்லை. உடல்நலம் அல்லது மனநலம் காரணமென்றால் மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளர் கடிதத்தோடு ஒரு பட்டத்துக்கு மொத்தம் 12 மாதம் வரை தளர்வு கிடைக்கும். எதுவானாலும் அனுமதி சிஸ்டத்தில் ஏறிய பிறகுதான் பாடத்தை விட வேண்டும். முதலில் விட்டுவிட்டு மறுநாள் போய்ச் சொன்னால் டிஎஸ்ஓவாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு மாற்று: பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டரின் பிற்பாதியில் மட்டும் எட்டு வாரம் நடக்கும் வகுப்புகள் உண்டு. ஒன்றை விடும்போது அதற்கு ஈடாக இப்படி ஒன்றில் சேர்ந்து 12-ஐக் காப்பாற்றிக்கொள்ளலாம். செமஸ்டர் தொடக்கத்திலேயே பொருத்தமான ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடினால் இடம் இருக்காது.

ஐ-20-ல் படிப்பு முடியும் தேதியையும் ஒருமுறை பாருங்கள். ப்ரொபேஷனாலோ சஸ்பென்ஷனாலோ ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி அந்தத் தேதியை நீட்டிக்க முடியாது என்று விதியே சொல்கிறது. செமஸ்டருக்கு 13 கிரெடிட் என்று போனால் எட்டு செமஸ்டரில் 104. பட்டத்துக்குப் பெரும்பாலும் 120-க்குக் குறையாமல் வேண்டும். குறையும் கிரெடிட்டுகளைப் பின்னால் வரும் கோடைகளில் எடுக்க இப்போதே திட்டமிட வேண்டும்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அரசு நிதியுதவி வாங்குபவர்களுக்கு ‘சாப்’ என்று வேறொரு அளவுகோல் உண்டு. எடுத்த கிரெடிட்டுகளில் ஏறத்தாழ 67 சதவீதம் தேறியிருக்க வேண்டும். டபிள்யூவும் எடுத்ததாகவே எண்ணப்படும். அங்கும் ‘வார்னிங்’, ‘ப்ரொபேஷன்’ என்றே பெயர், ஆனால் நடத்துவது வேறு அலுவலகம். ஒன்றில் வெளியே வந்தால் இன்னொன்றிலும் வந்ததாக அர்த்தமில்லை. ம., உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப் ஏதாவது இருந்தால் அதன் ஜிபிஏ நிபந்தனை தனி, அது பெரும்பாலும் 2.0-க்கு மேலேயே இருக்கும்.

மேல்முறையீடு இப்போது வேண்டாம். அது சஸ்பென்ஷனுக்கு எதிராக எழுதுவது. ஆனால் அந்தக் கட்டம் வந்தால் அவகாசம் குறைவாகவே தருவார்கள் என்பதால் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘சொந்தப் பிரச்சினைகளாலும் மன அழுத்தத்தாலும் சரியாகப் படிக்க முடியவில்லை, இனி கடுமையாக உழைப்பேன்’ என்று எழுதினால் குழுவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘பிப்ரவரி 10-ல் குடல்வால் அறுவை சிகிச்சை; மருத்துவமனைக் கடிதம் இணைத்துள்ளேன். மூன்று வாரத்தில் கால்குலஸின் முதல் மிட்டெர்மும் நான்கு வீட்டுப்பாடங்களும் விடுபட்டன. அடுத்த செமஸ்டர் 13 கிரெடிட் மட்டும். டியூட்டரிங் மையத்தில் செவ்வாய், வியாழன் நேரம் பதிந்துள்ளேன்’ என்பதில் தேதி, சான்று, மாற்றம் மூன்றும் இருக்கின்றன. காரணம் வெறும் அலட்சியமாக இருந்தால் அதையே எழுதலாம். எது மாறியிருக்கிறது என்பதைக் காட்டினால் சரி. பேராசிரியர் சரியில்லை என்று தொடங்குவதும், பெற்றோர் எழுதிக் கொடுப்பதும் எடுபடாது. ஒரு பக்கம் போதும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குத் தகவல் போகாது. கல்லூரிக்கு வந்துவிட்ட மாணவரின் பதிவுகள் அவருடையவை என்கிறது ஃபெர்பா சட்டம். அமெரிக்க வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்கு மட்டும் பல்கலைக்கழகம் விரும்பினால் சொல்லலாம். உங்கள் பெற்றோர் அங்கே வரி கட்டாதவர்கள் என்றால் அதுவும் இல்லை. ஆனால் கோடை வகுப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது உங்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமென்றால் நீங்களே சொல்வது நல்லது. 6 புள்ளிக் கணக்கோடு சொல்லுங்கள், 1.79 என்று மட்டும் சொன்னால் அப்பாவுக்கு ஒன்றும் புரியாது, பயம்தான் வரும்.

ஹோல்டை எடுப்பவர் அந்த அட்வைசர்தான். சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கால்குலஸில் காலை நேரப் பிரிவுகளும் நல்ல ஆசிரியர்களின் பிரிவுகளும் முதலில் நிரம்பும், மிஞ்சுவதில்தான் ஹோல்டு நீங்கியவர்களுக்கு இடம் கிடைக்கும். போகும்போது டிரான்ஸ்கிரிப்ட், ரிப்பீட் விதியின் பிரதி, 13 கிரெடிட் திட்டம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பிரிவு ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கோடையிலேயே கால்குலஸ் எடுப்பதானால் அதற்கும் ஹோல்டு தடையா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

அன்புடன்.