சட்டப்படி போக வழியிருக்கும்போது ஏன் களவாகப் போகிறார்கள்?

கேள்வி கேட்டவர் கனடாவில் இருக்கிறார். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதி, புள்ளி சேர்த்து, காத்திருந்து பிஆர் (நிரந்தர வதிவுரிமை) எடுத்தவர். நான் வரிசையில் நின்று வந்தேன், படகிலும் விசிட் விசாவிலும் வந்து அகதிக் கேஸ் கொடுக்கிறவர்கள் ஏன் அப்படி நிற்கக் கூடாது, அவர்களுக்கு எதற்கு இரக்கம் என்பதுதான் கேள்வியின் சாரம்.

நேராகவே சொல்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நிற்பதற்கு வரிசையே இல்லை. நீங்கள் நின்ற வரிசை உங்களைப் போல் படித்தவர்களுக்காகப் போட்டது. அதில் நீங்கள் பட்ட கஷ்டம் உண்மை, அதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதே வரிசையின் வால் எல்லோருடைய வீட்டு வாசலிலும் தொடங்குகிறது என்று நினைத்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். ஃபோட்டோகொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம், விசாவுக்குக் கைரேகை கொடுக்கும் பயோமெட்ரிக் நேரம் எடுத்துக் கொடுப்பது, இதுதான் தொழில். கிளிநொச்சியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு பஸ் பிடித்து, விடியக்காலையில் வந்து இறங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைலோடு கடை திறக்கும் வரைக்கும் படியில் உட்கார்ந்திருக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி, சட்டப்படி போறதுக்கு என்ன செய்யவேணும்?" என்பதுதான். களவாகப் போகும் வழியைக் கேட்டுக்கொண்டு யாரும் முதலில் வருவதில்லை.

இருபத்தாறு வயது மோட்டார் மெக்கானிக் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வரைக்கும் படித்தவர், எந்த எஞ்சினையும் கழற்றிப் பூட்டுவார். இவர் கனடாவுக்கு எந்த விண்ணப்பத்தைப் போடுவது? திறமையுள்ளவர்களை நிரந்தரமாகக் குடியேற்றும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015-இல் தொடங்கியது. அதில் வயதுக்கு, படிப்புக்கு, ஆங்கிலத்துக்கு, அனுபவத்துக்கு எனப் புள்ளி கொடுக்கிறார்கள். 2024-இல் நடந்த பொதுத் தெரிவுகளில் கட்ஒஃப், அதாவது தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, 520-க்குக் கீழே இறங்கவே இல்லை. நல்ல ஆங்கிலமும் பட்டமும் இருக்கிறவர்களே அதை எட்ட முடியாமல் திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதுகிறார்கள். கைத்தொழில் செய்பவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதற்குள் போக, அங்குள்ள முதலாளி ஒருவரின் முழுநேர வேலை உறுதி ஒரு வருடத்துக்காவது வேண்டும், இல்லாவிட்டால் கனேடிய அதிகாரசபை ஒன்று கொடுத்த தொழிற்தகைமைச் சான்றிதழ் வேண்டும். பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் பெடியனை ரொறன்ரோவில் எந்த முதலாளிக்குத் தெரியும்? இதற்கு மேல், தனி ஆளாகப் போனாலும் 15,000 கனேடிய டொலருக்கு மேல் வங்கியில் காட்ட வேண்டும்.

அந்தக் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 2022 தொடக்கத்தில் அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, அந்த வருடம் பாதி முடிவதற்குள் 360-ஐத் தாண்டிவிட்டது. ஐந்தாறு வருடம் சீட்டுப் பிடித்து, நகை சேர்த்து, பிள்ளையைப் படிக்க அனுப்பலாம் என்று வைத்திருந்த காசு ஒரு சில மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகிப் போனது. அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் கனடா, மாணவர்கள் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 ஆக்கியது. கல்லூரிக் கட்டணம் அதற்கு வேறு. கனடாவில் வீட்டு வாடகை ஏறியிருக்கும்போது அந்த முடிவை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்து விழுந்தது ஒரே குடும்பத்தின் தலையில்தான்.

பிரித்தானியாவும் அப்படித்தான். வேலை விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700-க்குப் போனது, 2025 ஜூலையில் இன்னும் ஏறியது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் வழியையும் அதே ஜூலையில் மூடிவிட்டார்கள். அதற்காகப் பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டிப் படித்து முடித்த பெண்கள் எங்கள் கடைக்கு வந்து "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அமெரிக்காவில் கூடப்பிறந்த அண்ணன் குடியுரிமையோடு இருந்தால்கூட, தம்பிக்கு அவர் போடும் மனு முறைக்கு வரப் பதினைந்து வருடத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் தம்பியின் பிள்ளைகளே வளர்ந்து, சேர்ந்து போகும் வயதைத் தாண்டிவிடுவார்கள்.

சரி, குடியேறுவதை விடுங்கள், பார்த்துவிட்டு வருவதாவது சுலபமா? ஓர் அம்மாவுக்கு நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தைச் சொல்கிறேன். மகளுக்குக் கனடாவில் முதல் பிரசவம், பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துப் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அம்மா காணி உறுதி, ஓய்வூதியக் கடிதம், கிராம சேவகரின் சான்றிதழ், மகளின் டொக்டர் கொடுத்த கடிதம் எல்லாம் கொண்டுவந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் என்று மூன்று விதமாக இருந்த பெயருக்குச் சத்தியக்கடதாசி முடித்துச் சேர்த்தோம். விசாக் கட்டணமும் பயோமெட்ரிக்கும் சேர்த்து 185 கனேடிய டொலர், இங்கே நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட, திரும்பக் கிடைக்காது. பதில் கடிதம் வந்தபோது அதை நான்தான் அவருக்கு வாசித்துச் சொன்னேன். உங்கள் குடும்பத் தொடர்புகளைப் பார்த்தால் நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எங்களுக்குத் திருப்தி இல்லை என்று இருந்தது. மகள் அங்கே இருப்பதற்காகத்தான் அம்மா போகக் கேட்டார், அதே காரணத்தால்தான் விசா கொடுக்கவில்லை. "நான் அங்க இருந்து என்ன தம்பி செய்யப்போறன், என்ர மாடு கண்டு எல்லாம் இங்க" என்றார். பெற்றோரை நிரந்தரமாகக் கூப்பிடும் ஸ்பொன்சரோ குலுக்கல் மாதிரி. 2020-இல் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்தேதான் 2024-இலும் 2025-இலும் எடுத்தார்கள். 2020-க்குப் பிறகு அங்கே போன மகளுக்குப் பெயர் கொடுக்கவே இடமில்லை.

விசிட் விசாவில் போய் கேஸ் கொடுக்கிறவர்கள் செய்த வேலையால்தான் இந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பாமலிருக்க முடிவெடுத்தே விமானம் ஏறுகிறவர், உண்மையாகவே திரும்பி வர இருக்கிறவரின் இடத்தைக் கெடுக்கிறார். ஆனால் அகதி விண்ணப்பத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கொழும்பில் இருக்கும் எந்த உயர்ஸ்தானிகராலயத்திலும் போய் "எனக்கு உயிராபத்து, அகதி விசா தாருங்கள்" என்று கேட்டு வரிசையில் நிற்க முடியாது. கனடாவிலும் சரி பிரித்தானியாவிலும் சரி, அந்த நாட்டு மண்ணில் கால் வைத்த பிறகுதான் தஞ்சம் கேட்கலாம். கால் வைக்கவோ விசா வேண்டும். ஆபத்தில் இருக்கிறவருக்கு அந்த விசா கிடைக்காது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆபத்தான இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போகும் அகதியை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 31-ஆவது உறுப்புரை சொல்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டி வருவதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். 1986 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்களே, அவர்கள் எந்த வரிசையில் நின்று வந்தார்கள்? 2009-இல் ஓஷன் லேடி என்ற கப்பலில் 76 பேர், 2010-இல் சன் சீ என்ற கப்பலில் பெண்களும் பிள்ளைகளுமாக 492 பேர் கனடாவில் போய் இறங்கினார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தலைமாற்றிய (இன்னொருவருடையதில் தன் படத்தை ஒட்டிய) பாஸ்போர்ட்டில் போய், விமான நிலையக் கழிவறையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கியவர்கள் எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் வீடு கட்டினோம், தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தோம். இன்று அதே மாமாமார் கல்யாண வீட்டில் இருந்துகொண்டு, "இப்ப வாறவங்கள் எல்லாம் களவா வாறாங்கள்" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் போனது சரி. உயிரைக் காப்பாற்றப் போனார்கள். அந்தச் சரியை இன்னொருவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜ்களுக்குள் பொலிஸார் புகுந்து, 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புப் பக்கமும் அனுப்பினார்கள். தகுந்த காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறார்களாம். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வெளிநாடு போகப் பத்திரங்களுக்காகக் காத்திருந்தவர்கள் அந்த லொட்ஜ்களில் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. சொந்த நாட்டின் தலைநகரில், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சட்டவிரோதமானவர்களைப் போல நடத்தப்பட்ட சனம் நாங்கள்.

இதற்காக ஏஜென்சிக்காரனை நான் நல்லவன் என்று சொல்லவில்லை. எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே தேநீர்க் கடையில் உட்கார்ந்து, ரிஜெக்ட் கடிதத்தோடு வெளியே வருகிறவர்களைக் கண்டு பேச்சுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். "இனி ஃபோர்ம் நிரப்பிப் பிரயோசனமில்லை, என்னட்டக் காசைத் தாங்கோ" என்பார்கள். காணியை விற்றால்தான் கொடுக்கக்கூடிய தொகை. 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அப்பால் தத்தளித்த கப்பலில் 303 பேர் இருந்தார்கள். கனடா என்று சொல்லி ஏற்றப்பட்டவர்கள். ஜப்பானியக் கப்பலொன்று காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது, பிறகு பலர் திரும்ப இங்கேயே வந்தார்கள். 2021 ஒக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கென்று புறப்பட்ட இன்னொரு படகு இந்து சமுத்திரத் தீவான டியேகோ கார்சியாவில் போய் நின்றது. அதில் போனவர்கள் எலி ஓடும் கூடாரங்களில் மூன்று வருடம் கிடந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்குக் கட்டுநாயக்காவில் சிஐடி விசாரணை, நீர்கொழும்பு நீதிமன்றம், குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் வழக்கு. காணி போனது போனதுதான். என்னிடம் யோசனை கேட்கிற எவருக்கும் படகு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், அதில் மாற்றமில்லை.

இது தமிழர் கதை மட்டும் என்றும் நினைக்காதீர்கள். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் சிங்கள மீனவக் குடும்பங்கள் இத்தாலிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்கும் மீன்பிடி வள்ளங்களில் போயிருக்கிறார்கள்.

எதிர்ப் பக்கம் நாங்கள் நிற்கும்போது எப்படி நடக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் ரோஹிங்கியா மக்கள் நூறு பேருக்கு மேல் ஒரு படகில் முள்ளிவாய்க்காலில் கரையொதுங்கினார்கள். கரையில் இருந்த எங்கள் சனம் முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். அதை நினைத்து எனக்குப் பெருமை. ஆனால் அந்த வாரமே முகநூலில் "எங்களுக்கே இல்லை, இவங்களத் திருப்பி அனுப்புங்கோ" என்று எழுதியவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஐரோப்பாவில் அகதி அட்டையோடு சித்தப்பா இருக்கிறார்!

ஒரு நாடு யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. எல்லையை முழுதாகத் திறந்துவிடச் சொல்லவும் இல்லை. உண்மையான வரிசை ஒன்றைப் போட்டால் எங்கள் சனம் நிற்குமா நிற்காதா என்பதற்குக் கண்முன்னால் சாட்சி இருக்கிறது: தென்கொரியா. 2004-இல் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டார்கள். பட்டம் தேவையில்லை. 18-லிருந்து 39 வயதுக்குள் இருக்க வேண்டும், கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகத்தான் போகலாம், நடுவில் தனியார் ஏஜென்சி கிடையாது. தொழிற்சாலை, மீன்பிடி, விவசாயம் என்று நான்கு வருடம் பத்து மாதம் வரைக்கும் ஒரு தவணை. அதிலும் குறை இருக்கிறது, குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது, வேலையும் கடினம். ஆனாலும் நாடு முழுக்கப் பெடியன்கள் கொரிய எழுத்தைக் கொப்பியில் எழுதி எழுதிப் பாடமாக்குகிறார்கள். வள்ளத்தில் ஏறியிருக்கக்கூடிய அதே வயசு, அதே படிப்பு, அதே கடன். பரீட்சை இருக்கிறது, பாஸ் பண்ணினால் பெயர் பட்டியலில் வரும், காசு இவ்வளவுதான் என்று தெரிந்தபோது இவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நீங்கள் கனடாவில் குடியுரிமை எடுத்து வாக்குப் போடப் போகிறீர்கள் என்றால், உங்கள் தொகுதி எம்பி வாக்குக் கேட்டு வரும்போது நான் மேலே சொன்ன மெக்கானிக்குக்கு எந்த விண்ணப்பம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோர் ஸ்பொன்சருக்குப் புதுப் பெயர் எப்போது எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் கிடைத்தால் கீழே கருத்தில் போடுங்கள். நான் கடையில் அச்செடுத்து ஒட்டுகிறேன்.