சிவப்பை விடுங்கள், வலியைச் சொல்லுங்கள்

கவ்வாத்து வெட்டும்போது தேயிலைக் குச்சி கணவரின் கண்ணில் பட்டது. நான்கு நாளாகச் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் வடிகிறது. மகனின் கண் நோய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மீதி இருக்கிறது. அதை விடலாமா? (பொகவந்தலாவை)

வேண்டாம். பழைய போத்தல் என்பது ஒரு காரணம். அதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்பதுதான் என் பயம். செடி கிழித்த கருவிழியில் பூஞ்சை தொற்றக்கூடும். ஸ்டீரொய்ட் விட்டதும் சிவப்பு குறையும், வலியும் தணியும், வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். புண்ணோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் கூட வேண்டாம். கண்ணைக் கட்டியும் வைக்காதீர்கள்.

தோட்ட வைத்தியசாலையில் முதலில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் சோதனை இது. பிறகு சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் கருவிழிக் காயம் பச்சையாக ஒளிரும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து அந்தச் சோதனைக்கு மட்டுமே. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நான்கு நாளாகியும் வெளிச்சத்தில் கண் கூசுவதால், சாயத்தில் எதுவும் தெரியாவிட்டாலும் இன்றே கண் வைத்திய நிபுணரிடம் போக வேண்டும்.

அம்மாவுக்கு அறுபது வயது. இரண்டு தடவை மாலையில் ஒரு பக்கத் தலைவலி, வாந்தி. அந்தப் பக்கக் கண்ணும் சிவந்தது. பல்பைச் சுற்றி வளையம் தெரிந்ததாம். கேஸ்ட்ரிக் என்று ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. (ஹப்புத்தளை)

ஊசியால் சரியானது என்று நான் நம்பவில்லை. கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டு, அழுத்தம் ஏறி, தானாக இறங்கியிருக்கலாம். அடுத்த முறை இறங்காமல் போனால் சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பு கெடத் தொடங்கும். அப்போது கண்மணி பாதி விரிந்து, டோர்ச் அடித்தாலும் சுருங்காது. இமைக்கு மேலே தொட்டால் கண் கல்லாக இருக்கும். உடனே அசெட்டசோலமைடும் சொட்டு மருந்தும் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்து, பின் லேசரால் கருவிழிக்குப் பின்னுள்ள திரையில் சிறு துளை இடுவார்கள். மற்றக் கண்ணுக்கும் பெரும்பாலும் அது தேவைப்படும். இன்னொரு தடவை வரும்வரை காத்திராமல் இந்த வாரமே கண் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தடிமன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சில வகைகள் இந்த அடைப்பைத் தூண்டிவிடும்.

உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சுண்ணாம்பு தூவும்போது கண்ணில் விழுந்தால் எந்த வைத்தியசாலைக்கு ஓடுவது? (கந்தப்பளை)

முதலில் தண்ணீர்ப் பீலிக்கு ஓடுங்கள். சுண்ணாம்பு அமிலத்தைவிட ஆழமாக அரிக்கும். குழாய்த் தண்ணீரே போதும்: இமைகளை விரித்துப் பிடித்து, கட்டிகளைக் கழுவி வெளியேற்றி, அரை மணி நேரமாவது கழுவிய பிறகே வாகனம் ஏறுங்கள். பயிருக்கு மருந்து தெளிக்கும்போது பட்டாலும் இதே முறைதான். அந்தப் போத்தலின் லேபலையும் கொண்டு போங்கள்.

வெள்ளை விழியில் திடீரென இரத்தத் திட்டு. வலி இல்லை, பார்வையும் தெளிவு. (தலவாக்கலை)

பார்க்கத்தான் பயங்கரம். அடிபட்டு வந்ததல்ல என்றால் ஓரிரு வாரத்தில் தானே மறையும். இரத்த அழுத்தத்தை மட்டும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.