இத்தாலியர் பேச்சில் அடிக்கடி வரும் 'குவார்தா', 'தாய்', 'அல்லோரா' போன்ற சொற்களுக்கு அகராதிப் பொருள் ஏன் பொருந்துவதில்லை?

அகராதி முதலில் தருவது அந்தச் சொற்களின் பழைய வேலையை. பேச்சில் அவை வேறு வேலைக்குப் போய்விட்டன. இத்தாலிய மொழியியலில் இவற்றை 'சென்யாலி திஸ்கொர்சீவி' என்பார்கள்; உரையாடலை நடத்தும் குறிகள்.

சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 'குவார்தா இல் மாரே' (கடலைப் பார்) என்பதில் குவார்தா போனால் வெறும் கடல்தான் மிஞ்சும். 'குவார்தா, நொன் ஓ தெம்போ' என்பதில் போனாலும் 'எனக்கு நேரமில்லை' என்ற செய்தி அப்படியே நிற்கும். மறுப்பு மட்டும் வெடுக்கென்று விழும். பார்க்க எதுவுமே இல்லாத தொலைபேசியிலும் இதைச் சொல்வது அதனால்தான். 'செந்தி' (கேள்) பெரும்பாலும் புதுப் பேச்சைத் தொடங்கும்: 'செந்தி, தொமானி வியெனி?' (இந்தா, நாளைக்கு வர்றியா?). குவார்தா பதிலின் தொடக்கத்தில் வருவதே அதிகம்.

எல்லாச் சொல்லும் ஒரே அளவுக்கு உறைந்துவிடவில்லை. கற்பவர்கள் சறுக்குவது இங்கேதான். குவார்தா, செந்தி இரண்டும் இன்னும் ஆளுக்கேற்ப மாறும். கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ 'குவார்தி', 'செந்தா' என்ற மரியாதை வடிவம் வேண்டும்; மாற்றாமல் பேசினால் ஒருமையில் அழைத்ததாகிவிடும். 'தாய்' ('த'வை 'அந்த' என்பதில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும்) கொடு என்ற ஏவலிலிருந்து வந்தது. இது முழுக்க உறைந்துவிட்டது: பத்துப் பேரைக் கிளப்பும்போதும் 'தாய், ரகாத்ஸி!' (வாங்கப்பா!) தான். 'மா தாய்!' என்றால் 'அட, நிஜமாவா!'. பழக்கமில்லாத பெரியவரிடம் இதைத் தவிருங்கள்.

'அல்லோரா' லத்தீனின் 'அத் இல்லாம் ஹோராம்' (அந்த நேரத்தில்) என்ற தொடரின் வழி. 'அப்போது' என்பது 'அப்படியானால்' ஆகி, பிறகு வகுப்பையோ கூட்டத்தையோ தொடங்கும் 'சரி' ஆனது. மூன்று பொருளும் இன்றைக்கும் ஒன்றாக வாழ்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 'மகாரி'. 'பேறு பெற்றவனே' என்று விளிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா?' என்றதற்கு 'மகாரி!' என்றால் 'விட்டா ரொம்ப நல்லது'. வாக்கியத்துக்குள் வரும்போது வினையைக் கவனியுங்கள். 'மகாரி ஃபோஸ்ஸே வேரோ' என்றால் 'உண்மையா மட்டும் இருந்தா!' என்ற ஏக்கம். 'மகாரி எ வேரோ' என்றால் 'ஒருவேளை உண்மையாக இருக்கலாம்' என்ற ஊகம்.