ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்று அத்வைதம் எப்படிச் சொல்கிறது?

உபநிடதங்களை விளக்கும் வேதாந்தத் தத்துவங்களில் ஒன்று அத்வைதம். அந்தச் சொல்லுக்கு 'இரண்டில்லை' என்று பொருள். நமக்குள் எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருக்கும் உணர்வு ஆன்மா. உலகத்துக்கே அடிப்படையான மெய்ப்பொருள் பிரம்மம். இரண்டும் ஒன்றே என்கிறது சாந்தோக்கிய உபநிடதத்தின் 'தத்வமஸி', அதாவது 'நீ அதுவே'.

காரணம் இதுதான். உடல் மாறுகிறது, மனம் மாறுகிறது. அந்த மாற்றங்களை அறிகிற உணர்வு மாறுவதில்லை. அதற்கு எல்லை இருப்பதுபோலத் தோன்றுவது உடலால்.

எங்கள் செட்டிநாட்டு வீட்டைப் பாருங்கள். நடு முற்றமான வளவைச் சுற்றி, மணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை. தேக்குக் கதவைச் சாத்திப் பூட்டியதும் 'இது பெரியவர் பங்கு, அது சின்னவர் பங்கு' என்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் வெற்றுவெளியை யார் பூட்ட முடியும்? சுவர் எழுப்பியபோது அது துண்டாகவில்லை. இடித்தால் புதிதாக ஒட்டப்போவதும் இல்லை. உணர்வும் அந்த வெளி போலத்தான்; உடல்தான் சுவர். ஆதிசங்கரரின் குருவுக்குக் குருவான கௌடபாதர் இதற்குக் குடத்துக்குள் இருக்கும் வெளியைக் காட்டினார். எனக்கு வளவில் நின்றபோதுதான் விளங்கியது. காரைக்குடி அருகே கோவிலூர் மடத்தில் இந்த வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் சொன்னார்கள் என்பது நமக்குக் கிடைத்த பேறு.

'நானே பிரம்மம்' என்பதை, இன்னார் மகன், இன்ன ஊர்க்காரன் என்கிற ஆள் தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே 'நான்' என்பது அந்த ஆளையும் அறிந்துகொண்டிருக்கும் உணர்வு.