வாசகர் கேள்வி – பதில்: மேடையிலும் திரையிலும் லோரா

கேள்வி: ரென்னசி வில்லியம்ஸின் ‘த கிளாஸ் மெனஜரி’ நாடகத்தில் எங்கள் மாணவி ஒருத்தி லோராவாக நடிக்கவிருக்கிறாள். அதன் திரைப்படங்களைப் பார்த்துப் பழகுமாறு சொல்லலாமா?
– ஆசிரியை, கோண்டாவில்

பதில்: முதலில் பிரதியைப் பல முறை வாசிக்கட்டும், படங்களைப் பிறகு பார்க்கலாம். 1944 டிசெம்பரில் சிக்காகோவிலும் அடுத்த ஆண்டு நியூயோர்க்கிலும் மேடையேறிய இந்த நாடகத்தை, க. பாலேந்திரா ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்ற பெயரில் தமிழில் மேடையேற்றியிருக்கிறார்.

காலில் சிறு ஊனமும் மிகுந்த கூச்சமும் கொண்டு, கண்ணாடி விலங்குப் பொம்மைகளோடு ஒதுங்கி வாழும் லோரா அதிகம் பேசுவதில்லை. தாய் அமந்தாவும் சகோதரன் ரொமும் சண்டையிடும் காட்சியில், பேச்சே இல்லாத லோராவின் மீதுதான் மிகத் தெளிவான ஒளி விழ வேண்டும் என்று ஆசிரியர் தமது தயாரிப்புக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பாத்திரத்தின் உயிர் இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது என்பேன். மேடையில் அவள் கேட்டுக்கொண்டிருப்பதை நாம் இடைவிடாமல் பார்க்கிறோம். கமராவோ பெரும்பாலும் பேசுபவரை நாடிச் செல்வதால், அவள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறாள்.

ஆயினும் ரொம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துவரும் நண்பன் ஜிம்முடன் அவள் தனித்திருக்கும் மெழுகுதிரிக் காட்சியில் திரைக்கே வலிமை அதிகம். 1973 தொலைக்காட்சி வடிவத்தில் ஜொவானா மைல்ஸும், போல் நியூமன் இயக்கிய 1987 படத்தில் கரன் அலனும் லோராவாக நடித்தனர். அண்மைக் காட்சியில் கண்ணின் ஒரு சிறு அசைவே போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கைலாசபதி கலையரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கோ லோராவின் கண்ணாடிப் பொம்மைகளில் ஒன்றான ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு உடைவதே தெரியாது. அதனால் மாணவி அந்த இழப்பை உடலாலும் குரலாலும் கொண்டுவர வேண்டும். அங்கே அழக் கூடாது: லோரா அதை அமைதியாக ஏற்றுக்கொண்டு, ஜிம் இன்னொருத்திக்கு நிச்சயிக்கப்பட்டவன் என்று அறிந்த பிறகு, உடைந்த பொம்மையை அவனுக்கே கொடுத்துவிடுகிறாள். (மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் விளக்கொளியில் வளர்ந்த நம்மவர்களுக்கு அந்த மெழுகுதிரி வெளிச்சத்தை விளக்கத் தேவையில்லை.)

ஜேன் வைமன் நடித்த 1950 படத்தை மட்டும் கடைசியில் பார்க்கட்டும். அதன் முடிவு லோராவுக்கு வேறொரு துணை வருவான் என்ற நம்பிக்கையை ஊட்டுகிறது. ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் உடன்பாடில்லை. நாடகத்தில் ரொம் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான், அவள் மெழுகுதிரிகளை ஊதி அணைக்கிறாள். அதற்குமேல் நமக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை.

கேள்வி: லோராவின் கால் ஊனத்தை நடிகை எவ்வளவு காட்ட வேண்டும்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: குறிப்பால் உணர்த்தினால் போதும் என்று பிரதியே சொல்கிறது. காரணத்தை ஜிம்முடனான உரையாடலில் காணலாம். பாடசாலை நாட்களில் வகுப்புக்குள் நுழையும்போது தன் காலில் பூட்டிய பட்டை இடி போல முழங்கியதாக லோரா நினைவுகூர்கிறாள். ஜிம்மோ அதைத் தான் கவனித்ததே இல்லை என்கிறான். ஊனத்தின் பேரோசை அவள் காதுக்குள்தான் இருந்தது. நடிகை காலை மிகையாக இழுத்து நடந்தால் ஜிம்மின் மறுமொழி பொய்யாகிவிடும். 2017இல் நியூயோர்க்கில் சாம் கோல்ட் இயக்கிய தயாரிப்பில், சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் மடிசன் ஃபெரிஸ் லோராவாக நடித்தார். அங்கே ஊனம் நடிக்கப்படவில்லை, இருந்தது. ஊனமில்லாத நடிகை நடிக்கும்போது, மற்றவர்களின் கண்முன் அறையைக் கடக்க அவள் தயங்கும் அந்தத் தயக்கத்தை ஒத்திகையில் முதலில் பழகுவதே நல்லது; நடையை அதன் பின் பார்த்துக்கொள்ளலாம்.