வெண்பன்றிக் குட்டிகள் வாலைக் கடித்தால்

கேள்வி: நாங்குநேரி பக்கம் 2 தாய்ப்பன்றியும் 18 வளரும் குட்டிகளும் வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து மூன்று மாதக் குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்துப் புண்ணாக்குகின்றன. வாலை வெட்டிவிடச் சொல்கிறார்கள். போன ஈற்றில் தாய் படுத்து நசுக்கியதில் 4 குட்டிகள் செத்தன. அதற்கு இரும்புக் கூண்டு செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ரத்தம் வழியும் குட்டிகளை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ரத்த ருசி கண்ட கூட்டம் லேசில் விடாது. புண்ணைப் போவிடோன் அயோடினால் கழுவி, ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுங்கள். வால் புண்தானே என்று விட்டால் சீழ் முதுகுத்தண்டு வரை ஏறிப் பின்னங்கால் விழுந்துவிடும். கடிக்க ஆரம்பித்தது பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிகள்தான். அவற்றையும் கண்டுபிடித்துத் தனியே விடுங்கள்.

வாலை வெட்ட வேண்டாம். மூன்று மாதக் குட்டிக்கு அது பெரிய வேதனை. வால் போனால் காதைக் கடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாளைக்கு மத்தியானம் 2 மணிக்குக் கொட்டகை வாசலில் சத்தம் போடாமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். நிம்மதியாக இருக்கும் குட்டியின் வால் சுருண்டு மேலே நிற்கும். கடி பயத்தில் இருப்பது வாலைத் தொடைக்குள் இடுக்கிக்கொள்ளும். புண் வருவதற்கு முன்பே இது தெரியும். விலா ஏறி இறங்குவதையும் எண்ணுங்கள். படுத்திருக்கும் குட்டி நிமிஷத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு விட்டால், அது வெயிலில் தவிக்கிறது.

பன்றிக்கு வியர்வை பெயருக்குத்தான். குளிர்ச்சிக்காகத்தான் சேற்றில் புரள்கிறது; சேறு இல்லையென்றால் தன் சாணி, மூத்திரத்திலாவது புரளும். 'பன்னி அசிங்கம்' என்பது நம் கொட்டகையைப் பார்த்து வந்த பேச்சு. இடம் கொடுத்தால் படுக்கை ஒரு மூலை, சாணி ஒரு மூலை என்று அதுவே பிரித்துக்கொள்ளும். ஆனியில் பணகுடிப் பக்கமிருந்து மேல்காற்று இறங்கிவிட்டால் சமாளிக்கலாம். சித்திரையில் காற்று அசையாது. தகரக் கூரை என்றால் மேலே பனையோலை வேயுங்கள், மத்தியானம் இரண்டு மூன்று தடவை மேலுக்குத் தண்ணீர் தெளியுங்கள். 50 கிலோ பன்றிக்குப் படுக்க மட்டும் 10 சதுர அடியாவது வேண்டும்.

வெறும் சிமெண்ட் தரையில் மூக்கால் கிண்ட எதுவும் இல்லாதபோது, எதிரே ஆடுவது பக்கத்துக் குட்டியின் வால்தான். வைக்கோல், களக்காட்டில் மலிவாகக் கிடைக்கும் வாழைச்சருகு, பச்சைக் கதம்பை (தேங்காய் உரித்த மட்டை), தொங்கவிட்ட சணல் கயிறு, எதுவானாலும் சரி. இரண்டு நாளில் சலித்துவிடும், மாற்றி மாற்றிப் போடுங்கள். (நைலான் கயிறு ஆகாது, விழுங்கிவிடும்.)

ஓட்டல் கழிவு மட்டும் போடுகிறீர்களா? அதில் சத்து ஒரு சீராக இருக்காது; அதனாலும் கடி வரும். உப்பும் அதிகம். குடிக்கத் தண்ணீர் அரை நாள் நின்றாலே ஆபத்து, வலிப்பு வந்து சாகும். கொதிக்க வைக்காமல் போடவே கூடாது. 2020-இல் அசாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எச்சில் இறைச்சி வழியாகவும் பரவும்.

அடுத்து கூண்டு. தாய்ப்பன்றி திரும்பக்கூட முடியாத சினைக் கூண்டை இங்கிலாந்து 1999-இலேயே தடை செய்துவிட்டது. ஈற்றுக்கும் அப்படி ஒன்றை நீங்கள் காசு போட்டுச் செய்ய வேண்டியதில்லை. ஈற்று அறையின் சுவரோரம், தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் 8 முதல் 10 அங்குலம் தள்ளி ஒரு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சுற்றிலும் பொருத்துங்கள். தாய் சுவரில் சாய்ந்து சரியும்போது குட்டி அந்த இடுக்கில் ஒதுங்கிவிடும். குட்டிக்கு முதல் சில நாள் 32 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். தாய்க்கோ அது தாங்காது. தாய் நுழைய முடியாத மூலையில் ஒரு பல்பு தொங்கினால், பால் குடித்த குட்டிகள் அங்கே போய்ப் படுக்கும், தாயின் வயிற்றடியில் கிடக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈற்றுக்கு இது கட்டாயம்.

சினை 114 நாள். ஈற்றுக்கு முதல் நாள் தாய் முன்னங்காலால் தரையைப் பறிக்கும், வாயில் கிடைத்ததைக் கவ்விச் சேர்க்கும். அப்போது கை நிறைய வைக்கோல் போடுங்கள். குழாய் வேலையைப் பத்து நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெல்டிங் சத்தத்தில் மிரண்ட தாய் அந்த அறையில் படுக்காது.