பனி பூட்ஸும் பிரேக் பெடலும்

தம்பி, மதுரையிலிருந்து கனடாவுக்கு வந்து, ஒன்டாரியோ மாகாணத்தின் டொரொன்டோ நகரில் உள்ள ஸ்கார்பரோவில் வீடெடுத்து, கிடங்கு வேலையில் சேர்ந்து, ஜி2 எனும் இடைநிலை ஓட்டுநர் உரிமம் எடுத்து, பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டீர்கள். முதல் பனி விழுந்ததும் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள். பனி பூட்ஸோடு ஓட்டினால் பெடல் இருக்குமிடமே காலுக்குத் தெரியவில்லை. ஊரில் ஓட்டியதுபோல ரப்பர் செருப்போடு ஓட்டலாமா, வெறுங்காலோடு ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா என்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்கென்று தனியாக ஒரு ஜோடி ஷூ வைத்துக்கொள்ளுங்கள். நடக்க பூட்ஸ், ஓட்ட அந்த ஷூ. குளிர்கால டயருக்கு யோசிக்காமல் செலவு செய்கிறவர்கள்கூடக் காலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். வெறுங்காலோடோ செருப்போடோ ஓட்டக் கூடாது என்று ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. அதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். செருப்பு பெடலில் மாட்டி முன்னால் நிற்கும் வண்டியில் இடித்துவிட்டால், அதே சட்டத்தின் 130ஆம் பிரிவில், கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்குப் போட இடமிருக்கிறது. அபராதம் 400 டாலரிலிருந்து 2,000 டாலர் வரை, உரிமத்தில் ஆறு குற்றப் புள்ளிகள். நீதிபதி நினைத்தால் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதற்குப் பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறுவது தனிக் கதை. புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கட்டணம் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறது.

ரப்பர் செருப்பில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. குதிகால் செருப்போடு ஒட்டி நிற்காது. காலைத் தூக்கும்போது செருப்பு தொங்கும், அதன் முனை பிரேக்கின் அடியில் மடங்கிக்கொள்ளும். ஈரமாக இருந்தால் பாதமே செருப்பின் மேல் வழுக்கும். வெறுங்காலில் பெடல் நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அவசரமாக பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கும்போது பாதத்துக்குத் தாங்குதல் வேண்டும். இடித்து நின்ற பிறகு கண்ணாடிச் சில்லின் மேல் இறங்க வேண்டிவந்தால் என்ன செய்வீர்கள்? ஜனவரியில் மைனஸ் பதினைந்தில் அந்த யோசனையே வராது, அது வேறு.

இனி பூட்ஸ். மைனஸ் முப்பது வரை தாங்கும் என்று எழுதி விற்கும் பூட்ஸில் அடித்தட்டு ஓர் அங்குலம் வரை இருக்கும், உள்ளே கம்பளி அடைப்பு வேறு. அகலமும் கூடுதல். பிரேக்கை மிதிக்கும்போது ஓரம் ஆக்சிலேட்டரையும் சேர்த்து அழுத்தினால்கூடத் தெரியாது. கணுக்கால்வரை இறுக்கிக் கட்டியிருப்பதால் பாதம் சுழலவும் மறுக்கும். ஓட்டும்போது குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் இடையில் திரும்ப வேண்டும். பூட்ஸோடு முழுக் காலையும் தூக்கித் தூக்கி வைக்கிறோம். 401 நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் ஒரு மணி நேரம் இப்படி ஓட்டினால் முழங்காலுக்குக் கீழே வலி எடுப்பது இதனால்தான்.

பனியில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உறைந்த சாலையில் பிரேக்கை அழுத்தினால், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்யத் தொடங்கும். அப்போது பெடல் பாதத்தின் அடியில் கடகடவென்று அதிரும். முதல்முறை அதை உணர்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அதிர்வு எப்படி இருக்கும் என்று உங்கள் பாதம் பழகிக்கொள்ள மெல்லிய அடித்தட்டு வேண்டும். பனி கொட்டிய ஞாயிறு காலையில், ஆளில்லாத வாகன நிறுத்துமிடம் ஒன்றில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். சிக்னல் பச்சையானதும் கிளம்புவதும் அப்படித்தான்: ஆக்சிலேட்டரை மயிலிறகால் தடவுவதுபோல அழுத்தினால்தான் சக்கரம் சும்மா சுழலாமல் பிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கிடங்கில் பச்சை முக்கோண முத்திரை வைத்த பாதுகாப்பு பூட்ஸ் கொடுத்திருப்பார்கள், அல்லது வாங்கச் சொல்லியிருப்பார்கள். அந்த முத்திரைக்கு என்ன பொருள் தெரியுமா? விரல்களின் மேல் 125 ஜூல் அடியைத் தாங்கும் கவசம், பாதத்துக்கு அடியில் ஆணி ஏறாத தகடு. பலகை சரியும் இடத்தில் அது உயிர் காக்கும். காரில் அதுவே எதிரி. தகடு இருப்பதால் அடித்தட்டு எளிதில் வளையாது. விரல் கவசம் உயரமாக இருப்பதால் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை நகர்த்தும்போது அதன் முனை பிரேக்கின் கீழ் விளிம்பில் தட்டி நின்றுவிடும். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வீடு திரும்புகிறவருக்கு இது வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் கிடங்கிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

எப்படிப்பட்ட ஷூ? குதிகால் மூடியிருக்க வேண்டும், கயிறோ பட்டையோ பாதத்தைப் பிடித்திருக்க வேண்டும். அடித்தட்டு மெல்லியதாக, சமமாக, ரப்பரால் ஆனதாக இருக்கட்டும். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் முன்பகுதி மடங்க வேண்டும். இப்போது வரும் ஓட்டப் பயிற்சி ஷூக்களை வாங்கிவிடாதீர்கள். நுரை மெத்தை கனமாக இருக்கிறது, அடிப்பகுதி பக்கவாட்டில் விரிந்திருக்கிறது, நடக்கச் சுகமாக இருந்தாலும் பெடல் தெரியாது. தோல் அடித்தட்டு வைத்த அலுவலக ஷூ ஈரத்தில் வழுக்கும். ஓட்டுவதற்கென்றே இத்தாலியர்கள் செய்யும், அடியில் ரப்பர் குமிழ்கள் பதித்த தோல் ஷூ அழகுதான். விலை அதிகம், பனி உருக இந்த ஊர்ச் சாலைகளில் கொட்டும் உப்புக்கு அது தாங்காது. என்னைக் கேட்டால் பூப்பந்து விளையாடும் ஷூ நல்ல தேர்வு. உள்ளரங்கில் சட்டென்று நின்று திரும்புவதற்காகச் செய்தது, மெல்லியது, ரப்பர் நன்றாகப் பிடிக்கும். நான் காரில் வைத்திருப்பதும் அதுதான்.

மாற்றும் முறை எளிது. கதவைத் திறந்து, கால்கள் வெளியே இருக்க, இருக்கையில் பக்கவாட்டாக உட்காருங்கள். பூட்ஸ் இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிப் பனியை உதிருங்கள். கழற்றிவிட்டு ஷூவுக்குள் காலை விடுங்கள். காலுறை ஈரமாகாது, உருகிய தண்ணீர் பெடலில் வழியாது. கழற்றிய பூட்ஸை ஓட்டுநர் காலடியில் போட்டுவிடாதீர்கள்; உருண்டுபோய் பிரேக்கின் அடியில் சிக்கினால் வண்டி நிற்காது. பக்கத்து இருக்கையின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து அதில் வையுங்கள். பூட்ஸை வீட்டில் விட்டுவிட்டு வரவும் கூடாது. பனிப்புயலில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்க அதுதான் வேண்டும். ஷூவை மட்டும் இரவில் வீட்டுக்குள் எடுத்துப் போங்கள்; காரிலேயே கிடந்தால் குளிரில் அடித்தட்டு விறைத்துவிடும்.

பனிக்காலத்துக்கு ரப்பர் கால்மிதி வாங்குவீர்கள். பழைய துணி மிதியை எடுத்துவிட்டு, தரையில் இருக்கும் கொக்கியில் மாட்டிப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் நகர்ந்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ளும். 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது இந்தக் கால்மிதி ஆபத்துக்காகத்தான்.

உங்கள் மனைவியும் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ரிச்மண்ட் ஹில் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகும்போது சேலைக்குப் பொருத்தமாக உயரக் குதிகால் செருப்பு போடுவார்கள். அதைப் பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். உயர்ந்த குதியால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது, கூர்முனை கால்மிதியில் குத்தி நிற்கும். சேலையின் கொசுவத்தையும் பெடலுக்கு வராதபடி ஒதுக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

வாங்கப் போகும்போது குளிர்காலத்தில் போடும் கனமான காலுறையைப் போட்டுக்கொண்டு, மாலை நேரத்தில் போங்கள். அப்போதுதான் பாதம் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். வாங்கியதும் காரிலேயே போட்டுப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, குதிகாலை பிரேக்குக்கு நேரே ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பெடலுக்கும் மாற்றி மாற்றிக் காலைத் திருப்புங்கள். எங்காவது தட்டினாலோ, ஒரே நேரத்தில் இரண்டையும் தொட்டாலோ அந்த ஜோடி வேண்டாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளியே நடக்காத ஷூவைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுத்துக்கொள்ளும்.